எண்ணெய்க் குப்பியைக் கீழே வையுங்கள்

பௌர்ணமிக்கு முந்தின நாள் திருவண்ணாமலை விடுதிகளில் நடக்கும் வேலைகளில் இதுவும் ஒன்று: இறுகிக் கிடக்கும் ஸ்லைடிங் ஜன்னல்களுக்கு எண்ணெய் விடுவது. தேங்காய் எண்ணெயோ, தையல் மெஷின் ஆயிலோ, பைக்கிலிருந்து வடித்த பழைய ஆயிலோ, எது கைக்குக் கிடைக்கிறதோ அது. விட்டவுடன் ஜன்னல் நகரும். அதனால்தான் இந்தப் பழக்கம் ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. இரண்டு பௌர்ணமி கழிவதற்குள் அதே ஜன்னல் முன்பைவிட மோசமாக இறுகும். டிராக்கை விரலால் தொட்டால் கறுப்பாகக் களிம்பு ஒட்டும். கிரிவலம் முடித்து வந்த அம்மா அதில் கை வைத்துவிட்டு, அந்தக் கையை வெள்ளைச் சுவரில் துடைத்துவிட்டுப் போவார். பிறகு சுவருக்குப் பெயிண்டரைக் கூப்பிட வேண்டும்.

பிளாஸ்டிக்கும் உலோகமும் உரசும் இடங்களைப் பற்றியது இந்த அத்தியாயம். ஜன்னல், திரைச்சீலை, மேசை இழுப்பறை, சமையலறைக் கிரைண்டர், வாசலில் நிற்கும் பைக் என்று ஒரே கட்டடத்துக்குள் இவை நிறைய. எல்லாவற்றுக்கும் வரிசை ஒன்றுதான். அழுக்கை எடுங்கள், உலர விடுங்கள், நகர்த்திப் பாருங்கள். பல ஜன்னல்கள் அதோடு சரியாகிவிடும். சரியாகாதவற்றுக்கு மட்டும்தான் மேற்கொண்டு ஏதாவது தடவ வேண்டும். அதுவும் எண்ணெய் அல்ல.

எண்ணெய் ஏன் ஆகாது

இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் எண்ணெய்க்கு வேலை உண்டு. அச்சுக்கு மை போட்ட மாட்டுவண்டிக் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த உராய்வு அந்த வகைதான். ஆனால் ஜன்னல் ரோலரில் இருக்கும் நைலான் தானாகவே ஓரளவு வழுக்கும் பொருள். உலர்ந்த நைலானுக்கும் எஃகுக்கும் இடையிலான உராய்வுக் குணகம் சுமார் 0.2 முதல் 0.4 வரை. டெஃப்லான் என்று நாம் சொல்லும் பி.டி.எஃப்.இ. என்றால் 0.05 முதல் 0.1. அதாவது 15 கிலோ எடையுள்ள ஜன்னல் கதவு நைலான் மேல் வெறுமனே சறுக்கினால்கூட, அதைத் தள்ள மூன்று முதல் ஆறு கிலோ எடையைத் தூக்கும் அளவு பலம் போதும். ரோலர் ஒழுங்காகச் சுழன்றால் அதில் ஒரு சிறு பங்குதான் தேவைப்படும். ஒரு விரலால் தள்ளிவிடலாம். இரண்டு கையும் போட்டுத் தள்ள வேண்டியிருக்கிறது என்றால் அங்கே எண்ணெய் குறையவில்லை. வேறு ஏதோ கூடியிருக்கிறது.

கூடியிருப்பது பெரும்பாலும் மண். ஆனி, ஆடிக் காற்றில் செங்கம் சாலைப் பக்கமும் கிரிவலப் பாதையோரமும் ஜன்னலைத் திறந்து வைத்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் இருக்கும். மோஸ் அளவில் அதன் கடினம் 7. அலுமினியம் 3-ஐக்கூட எட்டாது. இந்த மணல் துகள் ரோலருக்கும் டிராக்குக்கும் நடுவில் மாட்டினால் தேய்வது எது? பிளாஸ்டிக் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் துகள் மென்மையான பிளாஸ்டிக்குக்குள் பதிந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு அந்தச் சக்கரமே உப்புத்தாள் போல அலுமினியத்தை அறுக்கும். பழைய ஜன்னல்களில் ரோலர் ஓரளவு நன்றாக இருக்க, டிராக்கின் முதுகு மட்டும் தட்டையாகத் தேய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

எண்ணெய் இந்தத் துகள்களை அங்கேயே பிடித்து வைக்கிறது. உலர்ந்த தூசி காற்றிலோ துடைப்பத்திலோ போய்விடும். எண்ணெயில் ஊறிய தூசி போகாது. இந்த ஊரில் அதோடு கற்பூரப் புகையின் கரியும், நெய்விளக்குப் புகையின் பிசுக்கும், திருநீற்றுப் பொடியும் சேரும். கார்த்திகை தீபத் திருவிழாவுக்குப் பிறகு கோயிலைச் சுற்றிய வீதிகளில் இருக்கும் ஜன்னல் டிராக்குகளை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், தெரியும்.

எண்ணெய்களில் தேங்காய் எண்ணெய்தான் ஆக மோசம். சுமார் 24 டிகிரியில் அது உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் குப்பிக்குள் வெள்ளையாக நிற்பது டிராக்குக்குள்ளும் நிற்கும். எறும்பும் வரும். நல்லெண்ணெய் நாள்பட்டால் காற்றுப் பட்டுப் பட்டுப் பசையாகும். தையல் மெஷின் ஆயில் பசையாகாது, ஆனால் தூசியை இழுக்கும். ஜன்னல் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கை ஊதிப் பெருக்கவும் செய்யும். பழைய இன்ஜின் ஆயிலில் இரும்புத் துகளும் கரியும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. அதைக் கொண்டுபோய் அறைக்குள் ஊற்றுகிறவர்களிடம் என்ன சொல்வது?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

"எந்நேரமும் இறுகுதா, மத்தியானம் மட்டுமா?" அலுமினிய வேலைக்காரரைக் கூப்பிடும் முன் ரூம் பாயிடம் இதைக் கேளுங்கள்.

காலையில் சரளமாக ஓடி, மூன்று மணிக்கு மட்டும் மாட்டுகிற ஜன்னல் அழுக்கால் மாட்டவில்லை. வெயிலால் மாட்டுகிறது. ஒரு மீட்டர் அலுமினியம் ஒரு டிகிரி வெப்பம் கூடினால் சுமார் 0.023 மி.மீ. நீளும். யு.பி.வி.சி. சுமார் 0.07 மி.மீ. நீளும். ஒன்றரை மீட்டர் யு.பி.வி.சி. கதவு, விடியற்காலைக்கும் மேற்கு வெயிலுக்கும் இடையே 30 டிகிரி சூடானால் கணக்குப்படி மூன்று மி.மீ.க்கு மேல் வளரும். அது ஓடும் அலுமினிய ரயில் ஒரு மி.மீ. அளவுதான் வளரும். உள்ளே எஃகுப் பட்டை வைத்து இறுக்கிய கதவாக இருந்தால் வளர்ச்சி குறையும், ஆனாலும் இருக்கும். பொருத்தியவர் விளிம்பில் இடம் விடாமல் கச்சிதமாக அடைத்திருந்தால் எதைத் தடவினாலும் அந்த மூன்று மணிச் சிக்கல் தீராது. ரோலரின் உயரத்தைச் சற்றே குறைக்கவோ, கதவின் ஓரத்தை இழைக்கவோ வேண்டும். பெரும்பாலான யு.பி.வி.சி. கதவுகளில் கீழ் ஓரத்தில் ஒரு சிறு துளை இருக்கும். அதற்குள் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் விட்டு ரோலரை ஏற்றி இறக்கலாம். கால் சுற்று திருகி, நகர்த்திப் பார்த்து, பிறகு அடுத்த கால் சுற்று.

மழைக்காலத்தில் மட்டும் இறுகினால் சந்தேகம் நைலான் மேல். நைலான் தண்ணீரைக் குடிக்கும். நைலான் 6 வகை முழுக்க ஊறினால் தன் எடையில் சுமார் 9 சதவீதம்வரை நீரை ஏற்றுக்கொள்ளும், அளவிலும் சற்றுப் பெருக்கும். நடுவில் இரும்பு ஊசி இறுக்கமாகச் செருகப்பட்ட சின்னச் சக்கரத்துக்கு அந்தச் சிறு பெருக்கமே போதும். ஐப்பசி அடைமழையில் சுழல மறுத்து, தை வெயிலில் தானாகச் சரியாகும். இதற்கு டிராக்கில் தண்ணீர் தேங்காமல் பார்ப்பதே பாதி வைத்தியம். டிராக்கின் வெளிப்பக்கம் தண்ணீர் வடிய நீள்துளைகள் விட்டிருப்பார்கள். பலர் வீட்டில் அவை பூச்சு வேலையின் சிமெண்டிலோ, குளவிக் கூட்டிலோ அடைபட்டுக் கிடக்கின்றன. துடைப்பக் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

எந்நேரமும் இறுகினால் அழுக்கு அல்லது தேய்மானம். இதைக் கண்டுபிடிக்க டிராக்கில் இருக்கும் பிசுக்கையே பார்க்க வேண்டும்.

பிசுக்கைப் படிப்பது

பழைய வெள்ளை வேட்டித் துண்டை விரலில் சுற்றி டிராக்கின் மேல் முதுகில் ஒரு முறை இழுங்கள். பள்ளத்தில் அல்ல, சக்கரம் ஓடும் முதுகில். துணியில் வந்ததை வெளிச்சத்தில் பாருங்கள்.

கறுப்பாக, மினுக்கமாக, தேய்த்தால் பரவிக்கொண்டே போனால் அது எண்ணெயும் கரியும். சோப்புக்கு மசியும். சாம்பல் நிறத்தில், வெயிலில் சாய்த்தால் வெள்ளிப் பொடிபோல் மின்னினால் அலுமினியம் தேய்கிறது. சக்கரத்தில் மணல் பதிந்துவிட்டது, ரோலரை மாற்றாமல் விட்டால் டிராக்கும் போகும். செம்பழுப்பு என்றால் துரு, ரோலரின் அச்சு ஊசி மட்டமான இரும்பு. வெள்ளைத் தூள்தான் குழப்பம். விரலில் நசுக்கினால் மாவுபோல் போனால் அலுமினியம் அரித்த உப்பு அல்லது சுண்ணாம்பு. நூல் நூலாக, சுருள் சுருளாக இருந்தால் பிளாஸ்டிக் சீவப்படுகிறது. அப்போது டிராக்கில் எங்கோ ஒரு பிசிறு கத்திபோல் நிற்கிறது என்று பொருள். நகத்தை மெதுவாக ஓட்டினால் அகப்படும். அதை மட்டும் 400-ம் நம்பர் எமரித் தாளால் தேய்த்து எடுங்கள். மொத்த டிராக்கையும் பளபளப்பாக்குகிறேன் என்று இறங்காதீர்கள். அலுமினியத்தின் மேலுள்ள அனோடைஸ் பூச்சு மி.மீ.யில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். அது போனால் உள்ளே இருக்கும் மெத்தென்ற உலோகம் பிளாஸ்டிக்கோடு இன்னும் சீக்கிரம் தேயும்.

சத்தத்தையும் கேளுங்கள். கிறீச்சென்று விட்டுவிட்டு வந்தால் சக்கரம் சுழலாமல் இழுபடுகிறது. ஒட்டி, நழுவி, மறுபடி ஒட்டி வருவதால் எழும் சத்தம் அது. டக், டக்கென்று சீரான இடைவெளியில் வந்தால் சக்கரம் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. சுழலாமல் இழுபட்ட காலத்தில் தேய்ந்த இடம் அது. தட்டையான சக்கரத்தை எந்த ஸ்பிரேயும் வட்டமாக்காது.

சுத்தம் செய்யும் முறை

கதவைக் கழற்றாமல் சுத்தம் செய்தால் பாதி அழுக்கு கதவுக்கு அடியிலேயே இருக்கும். கதவை இரு கையாலும் மேல் டிராக்குக்குள் தூக்கி, கீழ்ப்பக்கத்தை உங்கள் பக்கம் இழுத்தால் வெளியே வரும். இரண்டு பேர் வேண்டும். 3 அடிக்கு 4 அடி கதவில் 5 மி.மீ. கண்ணாடி என்றால் கண்ணாடி மட்டுமே கிட்டத்தட்ட 14 கிலோ. மாடியில் செய்யும்போது கீழே ஆள் நடமாட்டம் இல்லாமல் பாருங்கள். மலையடிவாரப் பக்கம் இருப்பவர்கள் கழற்றிய ஜன்னலை ஆள் இல்லாமல் விட்டுப் போனால் குரங்கு உள்ளே வந்துவிடும். இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

முதலில் உலர்வாகத் துடைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றியபின் துடைப்பது சேறு பிசைவதில்தான் முடியும். பழைய பெயிண்ட் பிரஷால் மண்ணை ஒரு மூலைக்குத் தள்ளி, வேக்குவம் இருந்தால் உறிஞ்சி எடுங்கள். இல்லாவிட்டால் ஈரத்துணியின் நுனியால் ஒற்றி எடுங்கள். காய்ந்து இறுகியதைச் சுரண்ட ஐஸ் குச்சியோ, பழைய பிளாஸ்டிக் கார்டைக் கத்தரித்த துண்டோ போதும். ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் ஒவ்வொரு சுரண்டலும் ஒரு கீறல், ஒவ்வொரு கீறலும் அடுத்த வருடத்தின் பிளாஸ்டிக் தூள்.

அடுத்தது வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் லிக்விட் சில சொட்டு. டூத் பிரஷால் தேய்த்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, துணியால் எடுங்கள். நெய்ப்புகைப் பிசுக்குக்கு இரண்டு தடவை தேவைப்படும். எண்ணெய் ஊற்றிப் பழகிய டிராக்குக்கு மூன்றாவதும் தேவைப்படலாம். கடைசியில் வெறும் தண்ணீரால் சோப்பை எடுத்துவிடுங்கள். சோப்பு மிச்சமிருந்தால் அதுவும் காய்ந்து ஒட்டும். பிறகு ஒரு மணி நேரம் உலர வேண்டும். அவசரத்தில் இதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள்.

பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். பாலிகார்பனேட், ஏ.பி.எஸ்., அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக்குகளில் இவற்றால் மயிரிழை விரிசல் விழும். கைப்பிடியும் பூட்டு மூடியும் அன்றைக்கு நன்றாக இருந்து அடுத்த மாதம் கையோடு வரும்.

காஸ்டிக் சோடா கூடவே கூடாது. காரம் அலுமினியத்தைத் தின்னும். பொங்கலுக்கு முன் சுண்ணாம்படிக்கும்போது டிராக்கில் சொட்டுகிற சுண்ணாம்புத் தண்ணீரும், பூச்சு வேலையில் விழும் சிமெண்டுப் பாலும் அதே வேலையைத்தான் செய்கின்றன. காய்ந்தபின் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டுகள் அப்படி வந்தவை. சொரசொரப்பான அந்தத் திட்டின் மேல்தான் சக்கரம் ஓட வேண்டும். பெயிண்டர் ஏணி போடும் முன் டிராக்கின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

விடுதிக் குளியலறை ஜன்னலுக்கு எதிரி வேறு. தரையைக் கழுவ ஊற்றும் ஆசிட்டின் ஆவி மேலேறி, வெண்டிலேட்டரின் அலுமினியத்தை அரிக்கும், நைலானை நொறுங்க வைக்கும். ப்ளீச்சிங் பவுடரின் குளோரின், நைலானுக்குப் பதில் சில ரோலர்களில் வரும் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்குக்கு ஆகாது. அறைக்கு அறை ரோலர் ஆயுள் வித்தியாசப்படுகிறதே என்று யோசிப்பவர்கள் கழுவுகிற ஆளையும் கழுவுகிற முறையையும் பார்க்கட்டும். ஆசிட் ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஜன்னலைத் திறந்து வைத்து, முடிந்ததும் டிராக்கை நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும்.

என்ன தடவலாம்

சுத்தம் செய்து உலர்ந்தபின்னும் இழுபட்டால் இரண்டே பொருள்கள். சிலிக்கான் ஸ்பிரே, அல்லது உலர்ந்த பி.டி.எஃப்.இ. ஸ்பிரே. இரண்டும் ஹார்டுவேர் கடைகளிலும் வண்டி உதிரிபாகக் கடைகளிலும் கிடைக்கும். நீலமும் மஞ்சளுமாக எல்லோர் வீட்டிலும் இருக்கும் டபிள்யூ.டி.-40 சாதாரண டப்பா துருவைத் தளர்த்தவும் அழுக்கை இளக்கவும் நல்லது. ஆனால் ஜன்னல் டிராக்கில் நின்று வேலை செய்கிற வழுக்குப் பொருளாக அதை நம்ப வேண்டாம். சிறிது நாளில் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் மிஞ்சி, தூசி சேர்க்கும்.

சிலிக்கானை டிராக்கில் நேராக அடிக்காதீர்கள். துணியில் அடித்து, துணியால் டிராக்கின் முதுகில் ஒரு இழுப்பு. பிறகு உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். தடவியதைத் துடைப்பதா என்று தோன்றும். கண்ணுக்குத் தெரியாத படலம் போதும், கண்ணுக்குத் தெரிகிற அளவு இருந்தால் அதிகம். தரை டைல்ஸில் ஒரு சிறு தெறிப்பு விழுந்தாலும் வெறுங்காலோடு கிரிவலம் முடித்து வருகிறவர் வழுக்கி விழுவார். கீழே பேப்பர் விரித்துக்கொள்ளுங்கள். ஜன்னலைச் சுற்றி சீலண்ட் வைக்கவோ பெயிண்ட் அடிக்கவோ உத்தேசம் இருந்தால் அந்த வேலை முடிந்தபிறகுதான் சிலிக்கான். முன்னால் அடித்தால் மேலே எதுவும் ஒட்டாது.

பி.டி.எஃப்.இ. ஸ்பிரேயை நன்றாகக் குலுக்கி அடித்து, கரைப்பான் ஆவியாகும்வரை காத்திருக்க வேண்டும். வெள்ளையாக ஒரு மெல்லிய பூச்சு மிஞ்சும். தூசி அதிகமுள்ள சாலையோர அறைகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஈரமாக எதுவும் மிஞ்சாததால் மண் ஒட்ட வழியில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. வழுக்குவது வேறு, தேயாமல் இருப்பது வேறு. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு அறுவை மருத்துவர் 1950-களின் கடைசியில் செயற்கை இடுப்பு மூட்டு செய்யும்போது, உலோகப் பந்துக்குக் கிண்ணமாகப் பி.டி.எஃப்.இ.யைத்தான் தேர்ந்தெடுத்தார். அதைவிட வழுக்கும் திடப்பொருள் அவருக்குக் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் கிண்ணங்கள் தேய்ந்தன. உதிர்ந்த தூள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்தது, பலருக்கு மறு அறுவை செய்ய வேண்டியதாயிற்று. 1962-ல் அவர் பாலிஎத்திலீனுக்கு மாறினார். உராய்வு சற்றே கூடுதல், தேய்மானம் மிக மிகக் குறைவு. இன்றைக்கு நம் ஊர் மருத்துவமனைகளில் பொருத்தும் மூட்டுகளும் பெரும்பாலும் அந்த வழி வந்தவைதான். இழுப்பறைக்கு அடியில் டெஃப்லான் டேப் ஒட்டி, முதல் வாரம் கொண்டாடி, மூன்றாம் மாதம் வெள்ளைச் சுருளைப் பெருக்கி அள்ளுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். எடை அதிகமாக, அடிக்கடி இழுபடும் இடத்தில் தனி பி.டி.எஃப்.இ. பட்டை நிற்காது. மேம்பாலத் தூண்களின் உச்சியில் துருப்பிடிக்காத எஃகோடு உரசும்படி பி.டி.எஃப்.இ. தகடு வைக்கிறார்களே என்றால், அங்கே நகர்வது வெயிலுக்கு நீளும் பாலத்தின் சிறு அசைவு, அதுவும் மெதுவாக.

திரைச்சீலைக் கம்பிக்கு மெழுகுவர்த்தி தேய்ப்பது நல்ல பழைய வழி, அங்கே எடை கிடையாது. மேற்குப் பார்த்த ஜன்னல் டிராக்கில் அதைச் செய்தால் சித்திரையில் இளகி மண்ணைப் பிடிக்கும். கேரம் பவுடர் போட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். கேரம் போர்டில் போடுங்கள்.

ரோலர் மாற்றும்போது

பழைய ரோலரைக் கழற்றிக் கையில் எடுத்துப்போங்கள். வாயால் அளவு சொல்லி வாங்கியது பொருந்தாது. சக்கரத்தின் நடுப்பள்ளம் வளைவாக இருக்கிறதா, கூராக இருக்கிறதா, தட்டையா என்று டிராக்கோடு ஒப்பிடுங்கள். பள்ளமும் முதுகும் பொருந்தாவிட்டால் சக்கரம் இரண்டு விளிம்பில் மட்டும் நின்று, ஓடும் தூரமெல்லாம் அலுமினியத்தைச் சீவும். கண்ணாடியை 5-லிருந்து 8 மி.மீ.க்கு மாற்றியவர்கள் பழைய ரோலரையே போடக்கூடாது. அதே 3-க்கு 4 அடியில் எடை 14-லிருந்து 22 கிலோவாகிவிட்டது. பேரிங் வைத்த ரோலர் கேளுங்கள்.

கடைக்காரர் டெல்ரின் என்று தருவது டெல்ரின்தானா, நைலானா? ஈரம் படும் ஜன்னலுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். டெல்ரின் நைலானைப்போல் தண்ணீர் குடிக்காது. சோதனை சமையலறையிலேயே இருக்கிறது. 200 மி.லி. தண்ணீரில் 70 கிராம் உப்பை முழுக்கக் கரையுங்கள். ஒரு துளி பாத்திர லிக்விட் விடுங்கள், குமிழி ஒட்டாமலிருக்க. ஊசியும் பேரிங்கும் இல்லாத சக்கரத்தை, அல்லது உடைந்த துண்டைப் போடுங்கள். சாதா நைலானின் அடர்த்தி 1.14, மிதக்கும். டெல்ரின் 1.4, மூழ்கும். கண்ணாடி இழை கலந்த நைலானும் மூழ்கிவிடும் என்பதால் மிதந்தால் மட்டும்தான் உறுதியாகச் சொல்லலாம்: கடைக்காரர் சொன்னது சரியில்லை.

டிராக்கின் முதுகே தேய்ந்திருந்தால் புது ரோலர் போட்டும் பயனில்லை. மொத்த ஃபிரேமையும் பெயர்க்கச் சொல்லும் ஆளிடம், தேய்ந்த முதுகின் மேல் மாட்டும் எஸ்.எஸ். பட்டை கிடைக்குமா என்று ஒரு தடவை கேளுங்கள்.

சமையலறைக்கு வேறு சட்டம்

டேபிள் டாப் கிரைண்டரில் உருளைக் கற்களின் நடுவில் பிளாஸ்டிக் புஷ் இருக்கும், அது எஸ்.எஸ். கம்பியின் மேல் சுழலும். இதற்கு வழுக்குப் பொருள் அரைபடும் மாவின் தண்ணீர்தான். எண்ணெய், கிரீஸ், சிலிக்கான் எதுவும் கிட்டே வரக்கூடாது, உணவில் கலக்கும்.

இங்கே கெடுதல் செய்வது காய்ந்த மாவு. அரைத்து முடித்து, டிரம்மை மட்டும் கழுவி, கற்களைக் கம்பியோடு அப்படியே வைத்துவிடுகிறோம். புஷ்ஷுக்குள் புகுந்த மாவு இரவெல்லாம் காய்ந்து கெட்டியாகும். மறுநாள் சுவிட்சைப் போட்டவுடன் அது புஷ்ஷை உள்ளிருந்து சுரண்டும். கல் சுழலத் தயங்கும், மாவில் சாம்பல் கோடு தெரியும். வழிப்பது முடிந்ததும் ஒரு செம்பு தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பிறகு கற்களைக் கம்பியிலிருந்து உருவி, ஃபீடிங் பாட்டில் கழுவும் பிரஷை புஷ் துளைக்குள் விட்டுத் தேயுங்கள். கம்பியைத் துணியால் துடைத்துத் தனியாக உலர வையுங்கள். டிபன் கடைகளில் பௌர்ணமி இரவு ஒரு ஈடு முடிந்து அடுத்த ஈடு போடும் இடைவெளியிலும் இந்தத் தண்ணீர் ஓட்டத்தையாவது விடாதீர்கள்.

கல்லைக் கம்பியில் மாட்டி ஆட்டிப் பாருங்கள். முன்னும் பின்னும் லொடலொடவென்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. தேய்ந்தது எங்கே போயிருக்கும் என்று யோசித்தால் புஷ் மாற்றும் செலவு பெரிதாகத் தெரியாது. கம்பியிலும் நகம் தட்டுகிற வரி விழுந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். வரி விழுந்த கம்பி புதுப் புஷ்ஷையும் சீக்கிரமே தின்றுவிடும். டிரம்மின் உட்சுவரை வழிக்கும் பிளாஸ்டிக் வைப்பர் அழுத்தமாக உட்கார்ந்து சாம்பல் வளையம் போட்டால், அதைச் சற்றுத் தளர்த்திவிடுங்கள். மாவை ஒதுக்கித் தள்ள அது சுவரை அழுத்த வேண்டியதில்லை.

இழுப்பறைகளில் சொல்ல அதிகமில்லை. டெலஸ்கோபிக் சேனலில் மரத்தூளும் முடியும் சேர்ந்திருக்கும், எடுத்தால் ஓடும். நைலான் சக்கரம் வைத்த பழைய சேனல் ஒரு பக்கம் மட்டும் தொங்கினால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது.

பைக் கேபிள்

ஆக்சிலேட்டர் கேபிளையும் கிளட்ச் கேபிளையும் இதில் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. கறுப்பு உறைக்குள் பிளாஸ்டிக் குழாய், அதற்குள் எஃகுக் கம்பி. குழாயே வழுக்குவதற்காக வைத்ததுதான். "அண்ணே, ரெண்டு சொட்டு ஆயில் விடட்டுமா?" என்று ஒர்க்ஷாப் பையன் கேட்பான். வேண்டாம் என்று சொல்லுங்கள், பழைய ஆயில் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஆயில் தூசியோடு சேர்ந்து குழாய்க்குள் பசையாகும். கம்பி உள்ளே போகும், திரும்பி வரத் தயங்கும். ஜன்னல் நகராவிட்டால் காற்று வராது. ஆக்சிலேட்டர் திரும்பாவிட்டால் கிரிவலக் கூட்டத்துக்குள் வண்டி நிற்காது.

ஹேண்டில்பாரை இடதுகோடிக்கும் வலதுகோடிக்கும் திருப்பி, இரண்டு நிலையிலும் ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். சட்டென்று தானாகத் திரும்ப வேண்டும். தயங்கினால் மேல்முனையைக் கழற்றி, சிலிக்கான் ஸ்பிரேயின் மெல்லிய குழாயை உறைக்குள் விட்டு, கீழ்முனையில் அழுக்கு வழிந்து தெளிவாக வரும்வரை அடிக்கச் சொல்லுங்கள். பிரேக் டிஸ்க்கிலும் டயரிலும் ஒரு துளிகூடப் படாமல் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். நுனியில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் சுத்தம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம், கேபிளையே மாற்றுங்கள். புதுக் கேபிளுக்குள் எதுவும் விட வேண்டியதில்லை.